தூரிகையில் எழுதி ஃபான்ட் ஆக்குவது: சொரசொரப்பான தமிழ் எழுத்துருவை முதல்முறை செய்பவர்களுக்கு

தட்டைத் தூரிகையை மையில் தோய்த்து, பழைய செய்தித்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம் 'ப' எழுதிப் பாருங்கள். இடது கோடு இறங்கும்போது மை நிறைந்து ஓரம் மழுமழுவென்று இருக்கும். அடிக்கோடு வலப்பக்கம் போகும்போது தூரிகையின் மயிர்கள் பிரியத் தொடங்கும். கடைசியில் வலது கோடு மேலே ஏறும்போது மை தீர்ந்துபோய், கோட்டுக்கு நடுவே கீற்றுக் கீற்றாகக் காகிதம் தெரியும். அந்த ஒரு எழுத்தைப் பார்த்தாலே கை எங்கே தொடங்கியது, எங்கே முடித்தது என்று சொல்லிவிடலாம்.

சொரசொரப்பான எழுத்துருவின் உயிர் இதில்தான் இருக்கிறது. வழவழப்பான ஒரு ஃபான்ட்டை எடுத்து மென்பொருளில் ஓரத்தைக் கரடாக்கும் வசதியைத் தட்டினால், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் எலி கடித்தது மாதிரி இருக்கும். தொடங்கிய இடமும் கரடு, முடிந்த இடமும் கரடு. கை போன வழி தெரியாது. ஆகவே கரடு காகிதத்திலேயே வந்துவிட வேண்டும். கணினியின் வேலை அதைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

இந்த ஆசை கணினிக்குப் பிறகு வந்ததும் இல்லை. பிரான்ஸில் ரொஜே எக்ஸ்கொஃபோன் தன் கையெழுத்தை வைத்து வடிவமைத்த 'மிஸ்ட்ரால்' 1953இல் ஈய எழுத்தாகவே வந்தது. இன்று ஆங்கிலத்தில் 'பெர்மனன்ட் மார்க்கர்', 'ராக் சால்ட்' என்று இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. தமிழில் கையெழுத்துச் சாயல் உள்ளவை குறைவு. தாரிக் அஸீஸ் செய்த 'கவிவனார்' நல்ல சாய்வுக் கையெழுத்து. ஆனால் காய்ந்த தூரிகையின் சொரசொரப்பு அதன் நோக்கம் அல்ல. சுவரில் எழுதியது போன்ற ஒரு தமிழ்த் தலைப்பு வேண்டுமென்றால் தேடித் தேடிக் களைத்துப்போவோம். செய்துகொள்வதுதான் வழி, செய்யவும் முடியும்.

தேவையானவை

அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, கறுப்பு இந்தியன் இங்க், கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிஜ் தாள் (ஓவியத் தாள்) அல்லது கையால் செய்த தாள். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யும் ஸ்கேனர். வீட்டில் இல்லையென்றால் ஜெராக்ஸ் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மென்பொருள் மூன்று: படத்தைச் சுத்தம் செய்ய கிம்ப், அதைக் கோடாக மாற்ற இங்க்ஸ்கேப், எழுத்துருவாகக் கட்ட ஃபான்ட்ஃபோர்ஜ். மூன்றும் இலவசம். மேக் வைத்திருப்பவர்கள் ஃபான்ட்ஃபோர்ஜுக்குப் பதில் கிளிஃப்ஸ் வாங்கலாம், வேலை சுகமாக இருக்கும். ஆனால் முதல் எழுத்துருவுக்கே பணம் போட வேண்டியதில்லை.

எத்தனை வடிவம் எழுத வேண்டும்?

247 என்று பயந்துவிடாதீர்கள். கெ, கே, கை, கொ, கோ, கௌ, கா எல்லாம் துணை எழுத்துகளைச் சேர்த்தால் தானாக வந்துவிடும். நீங்கள் கையால் எழுத வேண்டியவை இவை: உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய எழுத்துகள் 18, மெய் 18, கு-கூ வரிசைகள் 36, கி-கீ வரிசைகள் 36. ா, ெ, ே, ை, ஔகாரத்தின் வலப்பக்கக் குறி என்று துணை எழுத்து 5. பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, அவற்றின் மெய், இகர ஈகார வடிவங்கள், கிரந்தத்துக்கான ு, ூ குறிகள், ஸ்ரீ. தனியாக நிற்கும் ி, ீ, ் மூன்றையும் சேர்த்தால் 150ஐ ஒட்டி வரும். அதற்கு மேல் எண்களும் நிறுத்தக்குறிகளும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிடலாம்.

மெய்யெழுத்துகளை ஏன் 18 தனி வடிவமாக எழுதச் சொல்கிறேன்? ஒரு புள்ளியை எழுதி எல்லாவற்றின் தலையிலும் வைத்தால் போதாதா? வழவழப்பான எழுத்துருவில் போதும். இங்கே போதாது. அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், பாட்டி, தாத்தா என்று நம் உறவுச் சொற்களே இரட்டித்துத்தான் வருகின்றன. 'அக்கா' என்று தட்டும்போது, புள்ளி வைத்த ககரமும் புள்ளி இல்லாத ககரமும் ஒரே படத்தின் நகலாக இருந்தால், ஒரே கீற்று ஒரே இடத்தில் இரண்டு முறை தெரியும். அந்தக் கணமே இது கையால் எழுதியதல்ல, அச்சு என்று கண் கண்டுபிடித்துவிடும். க் என்பதைத் தனியாகத் தூரிகையில் எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை தொண்ணூறு சதம் தீர்ந்துவிடும்.

மீதி இருப்பது 'தாத்தா' போன்ற சொற்கள். அதில் த இரண்டு முறை வருகிறது, காலும் (ா) இரண்டு முறை வருகிறது. தமிழில் எங்கே பார்த்தாலும் நிற்கும் குறி இந்தக் கால்தான். ஆகவே காலை மட்டும் மூன்று விதமாக எழுதி வையுங்கள். க, த, ப, ம, ர ஐந்துக்கும் இரண்டாவது வடிவம் ஒன்று எழுதினால் இன்னும் நல்லது. அவற்றை எங்கே பொருத்துவது என்று பின்னால் சொல்கிறேன்.

எழுதுவது

ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் லேசாக இரண்டு கோடு போடுங்கள்: எழுத்து உட்காரும் அடிக்கோடு ஒன்று, க, ப, ம போன்றவற்றின் தலை தொடும் மேல்கோடு ஒன்று. இரண்டுக்கும் இடையே 5 செ.மீ. இருக்கட்டும். 600 டிபிஐயில் 5 செ.மீ. என்பது ஏறத்தாழ 1180 பிக்சல். எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தும் உட்காரும் கட்டம் 1000 அலகு என்பதால், அந்த அளவுக்கு மேல் நுணுக்கம் இருந்தும் பயனில்லை, கீழே போனால் கீற்றுகள் மழுங்கிவிடும்.

ஒவ்வொரு எழுத்தையும் குறைந்தது ஐந்து முறை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மை தோயுங்கள், செய்தித்தாளில் ஒரே அளவு துடையுங்கள். இதில் சோம்பல் பட்டால் க குண்டாகவும் ச ஒல்லியாகவும் வந்து, சேர்த்துத் தட்டும்போது ஆளுக்கொரு கையாகத் தெரியும். வேகமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மெதுவாக எழுதினால் மை ஊறிக் கரடு போய்விடும். தயங்காமல் ஒரே மூச்சில் இழுத்தால்தான் மயிர் பிரியும்.

சில எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ண, ஞ, இ, ஜ நான்கிலும் சுழி நெருக்கம். தட்டைத் தூரிகையில் சுழி அடைத்துக்கொள்ளும். இவற்றை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலமாக எழுதுங்கள். ஏ, ஓ இரண்டின் நெடில் அடையாளத்தைத் தாராளமாகப் போடுங்கள். காய்ந்த தூரிகையில் அது கரைந்துபோனால் ஏ, எ ஆகிவிடும். ர என்பதன் கீழ்ச்சாய்வும் அப்படித்தான். அது தேய்ந்தால் காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் இருக்காது. ே என்ற இரட்டைச் சுழிக் கொம்பில் மேல்சுழியைத் திறந்தே விடுங்கள்.

புள்ளியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நான் முதலில் செய்த எழுத்துருவில் புள்ளியை அழகுக்காகச் சின்னதாக வைத்திருந்தேன். தெரிந்தவர் ஒருவர் நடத்திய மாலை வகுப்புக்கு அதிலேயே சுவரொட்டி செய்து கொடுத்தேன். அச்சாகி வந்தபோது 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி மறைந்திருந்தது. அது என்ன சொல்லாக மாறியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டோம், நல்லவேளை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள், படிப்பவர் இடம் பார்த்துச் சேர்த்துப் படிப்பார் என்பது உண்மைதான். ஆனால் தெருவில் வண்டியில் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. புள்ளியின் குறுக்களவு கோட்டின் பருமனுக்குச் சமமாக இருக்கட்டும். தூரிகையை அழுத்தி ஒரு திருகு திருகினால் ஓரம் கரடாகவும் நடு கெட்டியாகவும் நல்ல புள்ளி விழும்.

ஸ்கேனும் சுத்தமும்

கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யாதீர்கள், சாம்பல் நிறங்களையும் பிடிக்கும் கிரேஸ்கேலில் எடுங்கள். எது கறுப்பு, எது வெள்ளை என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், ஸ்கேனர் அல்ல. கிம்ப்பில் லெவல்ஸைத் திறந்து, தாளின் நிறம் சுத்த வெள்ளையாகும் வரை வலப்பக்க முக்கோணத்தை நகர்த்துங்கள். பென்சில் கோடு போய்விடும். சாம்பல் நிறக் கீற்றுகள் இருக்க வேண்டும்.

இனி பொறுமையான வேலை. தூரிகை தெறித்த பொட்டுகள் எழுத்தைச் சுற்றி இருக்கும். அவை அழகாகத்தான் இருக்கும், விட்டுவைக்க மனசு வரும். எழுத்தின் பக்கவாட்டிலும் கீழேயும் உள்ளவற்றில் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. டகரத்துக்கு மேல் ஒரு பொட்டு நின்றால் அது தெறிப்பு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், ட் என்றுதான் படிப்பார்கள். வேறு எழுத்து முறைகளில் தெறிப்பு அலங்காரம். தமிழில் மேலே விழுந்த தெறிப்பு எழுத்துப்பிழை.

கோடாக மாற்றுவது

இங்க்ஸ்கேப்பில் 1000-க்கு 1000 பிக்சல் பக்கம் ஒன்று உண்டாக்கி, அடிக்கோட்டுக்கு ஒரு வழிகாட்டிக் கோடு போட்டு அதை வார்ப்பாகச் சேமியுங்கள். ஒவ்வொரு எழுத்தும் இதே பக்கத்தில், இதே அடிக்கோட்டில், ஒரே விகிதத்தில் சுருக்கி உட்கார வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு ஃபான்ட்ஃபோர்ஜில் 150 வடிவத்தையும் ஒவ்வொன்றாக அளவு சரிசெய்ய வேண்டிவரும்.

படத்தைத் தேர்ந்தெடுத்து 'பாத்' மெனுவில் 'ட்ரேஸ் பிட்மேப்' கொடுங்கள். பிரைட்னஸ் கட்ஆஃப் 0.45இல் தொடங்கி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கீற்று வெள்ளையாகவும் கோடு உடையாமலும் வரும் இடம்தான் சரி. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு எல்லா எழுத்துக்கும் அதையே போடுங்கள். 'ஸ்பெக்கிள்ஸ்' என்பது தூசி நீக்குவது. கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடித் துணுக்குகள் போகும் அளவுக்கு அதைக் கூட்டுங்கள். 'ஸ்மூத் கார்னர்ஸ்' மதிப்பை நன்றாகக் குறையுங்கள், இல்லையென்றால் கரடான ஓரமெல்லாம் கூழாங்கல் போல உருண்டுவிடும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த ஓரிடத்தில்தான். 'இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினேன், கணினியில் வழவழவென்று ஆகிவிட்டதே' என்பார்கள். காரணம் இந்த ஒரு பொத்தான்.

முனைகளின் (கோட்டின் வடிவத்தைத் தாங்கும் புள்ளிகள்) எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு எழுத்தில் ஆயிரக்கணக்கான முனை இருந்தால் கோப்பு வீங்கும், சில அச்சு இயந்திரங்கள் திணறும். நான் ஒரு எழுத்துக்கு 200 முதல் 400 முனைக்குள் நிறுத்திக்கொள்கிறேன். முனைகளைக் குறைக்கும் 'சிம்ப்ளிஃபை' கட்டளையை எடுத்தவுடன் கொடுக்காதீர்கள். அது கரட்டைத்தான் முதலில் தின்னும். துணுக்குகளைக் கையால் அழித்தாலே எண்ணிக்கை பாதியாகும்.

ஃபான்ட்ஃபோர்ஜில் ஏற்றுவது

புதிய எழுத்துரு திறந்து, என்கோடிங்கை யூனிகோடுக்கு மாற்றுங்கள். கட்டம் 1000 அலகு, மேலே 750, கீழே 250 என்று தொடங்கலாம். தமிழில் கீழே இறங்கும் வடிவங்கள் அதிகம். ஞூ, ழூ, தூ போன்றவற்றை ஏற்றிப் பார்த்துவிட்டு இறுதி அளவை முடிவு செய்யுங்கள். அகரம் ஏறிய எழுத்துகள், உயிர், துணை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் உண்டு, அந்தந்தக் கட்டத்தில், இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்விஜி கோப்பை இறக்குங்கள். க், கு, கூ, கி, கீ போன்றவற்றுக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது. அவற்றுக்குப் புதிய கட்டங்கள் சேர்த்து, உங்களுக்கு நினைவிருக்கும் பெயர் வையுங்கள்.

இறக்கியதும் 'கரெக்ட் டைரக்ஷன்' கொடுங்கள். கொடுக்காவிட்டால் சில எழுத்துகளின் சுழியும் கீற்றும் கறுப்பாக அடைபட்டு நிற்கும்.

இனி கணினிக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்க வேண்டும். 'ஃபான்ட் இன்ஃபோ'வில் 'லுக்கப்ஸ்' பகுதிக்குப் போய், லிகேச்சர் வகையில் (இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே வடிவம் ஆவது) ஒரு லுக்கப், அதாவது விதித் தொகுப்பு, சேருங்கள். அதன் அம்சக் குறியாக பி.எஸ்.டி.எஸ். (psts) கொடுங்கள். எழுத்து முறைக் குறியாக டி.எம்.எல்.2 (tml2), டி.ஏ.எம்.எல். (taml) இரண்டையும் கொடுங்கள், முதலாவது புதிய மென்பொருள்களுக்கு, இரண்டாவது பழையவற்றுக்கு. பிறகு 'கு' கட்டத்தைத் திறந்து, க-வும் ு-வும் சேர்ந்தால் நான் வருவேன் என்று பதிவு செய்யுங்கள். இப்படியே 18 எழுத்துக்கும் உ, ஊ, இ, ஈ, புள்ளி என்று ஐந்து ஐந்தாக. க்ஷ மட்டும் இதற்கு முந்தைய படியில் சேர வேண்டும், அதன் அம்சக் குறி ஏ.கே.எச்.என். (akhn). கெ, கே, கை வரிசைகளில் கொம்பை முன்னால் கொண்டுவருவது, கொ, கோ ஆகியவற்றை இரண்டாகப் பிரித்து வைப்பது எல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும். அதற்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.

கூடுதலாக எழுதி வைத்த கால்களையும் க, த, ப, ம, ர வடிவங்களையும் இங்கேதான் பொருத்துவோம். சி.ஏ.எல்.டி. (calt) என்ற அம்சம் சூழலைப் பார்த்து வடிவத்தை மாற்றும். முன்னால் இரண்டு மூன்று எழுத்துக்குள் ஒரு கால் வந்திருந்தால், இப்போது வருவது இரண்டாம் கால் என்று விதி எழுதுங்கள். 'தாத்தா' தட்டிப் பாருங்கள். இரண்டு காலும் வேறு வேறாக நிற்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

விருப்பம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவம் வழக்கிலிருந்து போனது. பழைய சுவர் எழுத்தின் சாயல் வேண்டுவோருக்கு அந்த வடிவங்களை மாற்று வடிவத் தொகுதியாகச் சேர்த்துக் கொடுங்கள். தூரிகையில் அந்தப் பழைய லை சுழிந்து ஏறும் அழகே தனி. ஆனால் இயல்பாக வருவது புதிய வடிவமாகவே இருக்கட்டும்.

இடைவெளி

தானியங்கி இடைவெளியை நம்ப வேண்டாம். கோட்டிலிருந்து நீண்டு நிற்கும் ஒற்றை மயிரிழையைக்கூட அது எழுத்தின் எல்லையாக எடுத்துக்கொள்ளும். எழுத்தின் கெட்டியான உடம்பு எங்கே முடிகிறதோ அங்கிருந்து கண்ணால் அளந்து வையுங்கள். இழைகள் பக்கத்து எழுத்தைத் தொட்டாலும் பரவாயில்லை, இன்னும் உயிரோட்டமாக இருக்கும். காலுக்கும் கொம்புக்கும் மட்டும் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், அவை தம் எழுத்தோடு ஒட்டி ஒரே எழுத்தாகத் தெரியும்.

சோதனை

எழுத்துருவை ஓடிஎஃப் (OTF) கோப்பாக உருவாக்குங்கள். டிடிஎஃப் (TTF) ஆக மாற்றினால் வளைவுகள் வேறு கணக்கில் எழுதப்பட்டு முனைகள் இன்னும் பெருகும். இணையத்துக்கு என்றால் அதிலிருந்தே வோஃப்2 (WOFF2) எடுத்துக்கொள்ளலாம். பிறகு லிப்ரெஆஃபிஸில் இந்தச் சொற்களைத் தட்டிப் பாருங்கள்: தாத்தா, பண்ணை, கற்றுக்கொள், மழை முழுதும், நூறு, ஏணி, ஓடை, கௌதாரி, ஜூலை, பக்ஷி, ஸ்ரீ. ஒன்று உடைந்தாலும் எந்த லுக்கப்பில் பிழை என்று உடனே தெரிந்துவிடும். தலை உச்சியில் கீற்று வெட்டுப்பட்டால், எழுத்தின் மேல் எல்லையைக் குறிக்கும் 'வின் அசென்ட்' அளவை ஃபான்ட்ஃபோர்ஜில் கூட்டுங்கள். பழைய ஃபோட்டோஷாப்பில் கொம்பு தனியே பிரிந்து நின்றால் எழுத்துருவைச் சந்தேகிக்காதீர்கள். அங்கே டைப் அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்டிசைனில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்'.

அப்புறம் தாளில் அச்சடித்துப் பாருங்கள். 72 புள்ளியில் நன்றாக இருக்கும், 36இல் இருக்கும். 18இல் கீற்றெல்லாம் அழுக்காகத் தெரியும். அது குறையல்ல, இது தலைப்புக்கான எழுத்துரு. பத்தி எழுத வேறு எழுத்துரு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே எழுத்துகளில் உள்கீற்றுகளை நிரப்பி, ஓரத்தை மட்டும் லேசாகக் கரடாக விட்ட ஒரு கெட்டி வடிவத்தையும் கூடவே செய்து வையுங்கள். ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குக் கொண்டுபோனால் அதன் அருமை தெரியும். நூறு கீற்றையும் கத்தி வெட்டிவிடும். ஆனால் அந்தத் துணுக்குகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் மிக மெல்லிய கீற்று அடைத்துக்கொள்ளும், அங்கேயும் கெட்டி வடிவமே உதவும்.

மற்றவர்களுக்குக் கொடுப்பதென்றால் உரிமத்தை எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்று நினைத்தால் எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசன்ஸ் 1.1 பொருந்தும். எழுத்துருவின் உட்பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ்ப் பெயரைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எழுதிய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது த வேண்டும், நான்காவது கால் வேண்டும் என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றும். அன்றைக்கு அதே தூரிகை, அதே மையில் எழுதிய மீதி நான்கு தகரமும் அந்தத் தாளில் இருக்கும்.